பிகாஸ் நிற்கும் இடம்

ஈப்போ
5 ஜனவரி 2025

அன்புள்ள அக்கா,

இங்கு எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் நானும் பூனையும்தான். ஆபரேஷன் செய்த கண் எப்படி இருக்கிறது? இன்னும் குப்புறத்தான் படுத்திருக்கிறீர்களா? அம்மாவுக்குக் கைபேசி வெளிச்சமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாக ஹரிஷாந் சொன்னான். அதனால்தான் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுதுவதுபோல் இத்தனை பெரிய எழுத்து. சிரிக்காதீர்கள், கண்ணுக்கு ஆகாது.

என் சனிக்கிழமை வகுப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கோப்பெங் தாண்டி உள்ளே போனால் வெள்ளைக்கல் தோட்டம். ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்தும் வெகுகாலம் ஆகிறது. சில குடும்பங்கள் மட்டும் வெளியேறாமல் அங்கேயே இருக்கின்றன. முன்பு பால்மரம் வெட்டப் போன தாய்மார் குழந்தைகளை விட்டுச் சென்ற ஆயாக் கொட்டகை இன்னும் நிற்கிறது. அங்கேதான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன்.

இரண்டு மாதமாகக் கன்ஜங்ஷன், அதுதான் இணைப்புச் சொற்கள். கரும்பலகையில் எழுதினால் ஒன்றும் ஏறவில்லை. ஆகையால் விளையாட்டாக்கிவிட்டேன். ஒரு பிள்ளையின் கையில் 'ஐ ஆம் ஹங்ரி' அட்டை, இன்னொரு பிள்ளையிடம் 'மை மதர் இஸ் லேட்'. நடுவில் ஒருவர் வந்து இருவர் கையையும் பிடித்துக்கொண்டு 'பிகாஸ்' என்று கத்த வேண்டும். கையைப் பிடித்தால்தான் வாக்கியம். விட்டால் இரண்டு துண்டு.

நடுவில் நிற்க எப்போதும் ஒரே ஆள்தான் ஓடி வருவான், பவித்ரன். "டீச்சர், நாந்தான் பிகாஸ்! போன வாரமும் நாந்தான், இந்த வாரமும் நாந்தான் லா!" மற்றவர்கள், "டேய், நீ என்ன பிகாஸுக்கு அப்பாவா?" என்று கிண்டல் செய்வார்கள். அவன் அக்கா தினேஸ்வரி வாயே திறக்காத பிள்ளை. தம்பி கையைப் பிடித்தால் மட்டும் அவள் அட்டையை வாசிப்பாள், அதுவும் மெதுவாக. அவளை இந்த வருடத்துக்குள் பேச வைத்துவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம்.

வகுப்பு முடிந்தால் ஒவ்வொருவராக வாசலில் நின்று, "போயிட்டு வாரேன் டீச்சர்" என்பார்கள். நானும் பேர் சொல்லி, "போயிட்டு வாம்மா, போயிட்டு வாய்யா" என்று தலையைத் தொட்டு அனுப்புவேன். அது இல்லாமல் யாரும் நகர்வதில்லை.

கண்ணைக் கசக்காதீர்கள். எழுத முடியும்போது நாலு வரி எழுதுங்கள்.

உங்கள்
மாதுமை

*

தெலுக் இந்தான்
27 ஜனவரி 2025

அன்புத் தங்கச்சி மாதுமைக்கு,

கடிதம் கிடைத்தது. மருமகள் வாசிக்கட்டுமா என்றாள், நான் விடவில்லை. ஒரு கண்ணால் நானே படித்தேன். குப்புறப் படுக்கும் தண்டனை முடிந்துவிட்டது. இனி வலது பக்கம் மட்டும் படுக்கலாமாம். எனக்கு இடப் பக்கம்தான் தூக்கம் வரும். முப்பது வருடப் பழக்கம். அத்தான் அந்தப் பக்கம் இருந்தார்.

நீ சின்ன வயதிலும் இப்படித்தான். என் கையையும் அம்மா கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடுவில் தொங்குவாய். இப்போது பிள்ளைகளைத் தொங்கவிடுகிறாய். அந்தப் பயலைப் பற்றி இன்னும் எழுது, படிக்க நன்றாக இருக்கிறது.

தைப்பூசத்துக்கு வர முடியாது. கூட்டத்தில் யாராவது இடித்தால் கண் போய்விடும் என்று ஹரிஷாந் பயப்படுகிறான்.

உடம்பைப் பார்த்துக்கொள். மழையில் அந்தத் தோட்டத்துப் பாதையில் கார் ஓட்டாதே.

அன்புடன்
அக்கா சிவாஜினி

*

ஈப்போ
9 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை.

பவித்ரன் இறந்துவிட்டான். தோட்டத்துக்குப் பின்னால் முன்பு ஈயம் தோண்டிய பள்ளங்கள் இருக்கின்றன, இப்போது ஆழமான குட்டைகள். பள்ளி விட்டு வந்தவன் மீன் பிடிக்கப் போயிருக்கிறான். தினேஸ்வரி கரையில் நின்றிருக்கிறாள். அவள் சத்தம் போடவே இல்லையாம். ஓடி வந்து கோயில் வேலை பார்க்கும் மாயாண்டி அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தாளாம். என்ன என்ன என்று அவர் கேட்டும் வார்த்தை வரவில்லை.

இறுதிச் சடங்குக்குப் போனேன். சின்னப் பெட்டி. அம்மா கலாதேவி கையுறைத் தொழிற்சாலைச் சீருடையிலேயே உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "டீச்சர், உங்க கிளாஸ்ன்னா குளிச்சிட்டு ரெடியா நிப்பான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் அவன் தலையைத் தொட்டுவிட்டு வெளியே வந்தேன். நான் கிளம்பும்போது கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். சேலையில் ஏதோ ஒட்டியிருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் காரில் சீட் பெல்ட் மணி அடித்துக்கொண்டே இருந்தது. என் பெல்ட் போட்டுத்தான் இருந்தது. பக்கத்து இருக்கையில் கைப்பை. அதன் கனத்தை ஆள் என்று நினைத்துக்கொள்கிறது போலும். பையைத் தூக்கி மடியில் வைத்தேன். அப்படியும் நிற்கவில்லை. ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு வீடு வந்தேன்.

இதற்கு மேல் எழுத முடியவில்லை.

மாதுமை

*

தெலுக் இந்தான்
16 மார்ச் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

கடிதத்தைப் படித்தேன். டாக்டர் அழக் கூடாது என்றிருக்கிறார், கண்ணில் போட்ட தையல் தாங்காதாம். அதையும் மீறி அழுதேன். நான் பார்த்தே இராத பிள்ளைக்கு.

ஒன்று கேட்கிறேன், உடனே பதில் எழுது. அந்த வீட்டிலிருந்து கிளம்பும்போது நீ என்ன சொன்னாய்?

அக்கா

*

ஈப்போ
27 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பள்ளியில் தேர்வுத் தாள் திருத்தும் வேலை. உங்கள் கண்ணில் தையல் பிரித்தாயிற்றா? சொட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

வகுப்பை மறுபடி தொடங்கினேன். வேண்டாம் என்றுதான் இருந்தேன். கலாதேவியே வந்து, "நடத்துங்க டீச்சர், மூத்தவ வீட்டுல செவுத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா" என்றாள்.

முதல் நாள் கன்ஜங்ஷனைத் தொடவில்லை. படம் பார்த்துப் பேர் சொல்லும் பாடம் நடத்தினேன். பிள்ளைகள் விடவில்லை. அட்டைகளை அவர்களே எடுத்துவிட்டார்கள். தினேஸ்வரி ஓர் ஓரம், சன்னாசி என்ற பையன் இன்னோர் ஓரம். நடுவில் யாரும் இல்லை. "யாராவது போய் நில்லுங்க" என்றேன். ஒருத்தரும் அசையவில்லை.

"டீச்சர், அங்க ஆள் இருக்கு லா," என்றான் சன்னாசி. என்னவோ பஸ்ஸில் இருக்கையைக் காட்டுவதுபோல் சாதாரணமாகச் சொன்னான்.

தினேஸ்வரி கையை நீட்டியிருந்தாள். சும்மா நீட்டிய கை இல்லை, அக்கா. பிடித்திருக்கிற கை. விரல்கள் மடங்கி, தோள் அந்தப் பக்கம் கொஞ்சம் இழுபட்டு, துறுதுறுவென்ற பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களுக்கு உடம்பு எப்படி ஆடுமோ அப்படி ஆடிக்கொண்டிருந்தது. பிறகு அவள் வாய் திறந்தாள். அட்டையில் இருந்ததை வாசிக்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

"ஹி இஸ் கோல்ட் பிகாஸ் ஹி இஸ் வெட்."

அவன் குளிரில் இருக்கிறானாம், நனைந்திருப்பதால். எத்தனை தெளிவான உச்சரிப்பு! ஒரு வருடமாக நான் காத்திருந்த வாக்கியம். ஒரு பிழையும் இல்லை. என் கை தானாகவே 'குட்' என்று தட்டப் போய்ப் பாதியில் நின்றது.

இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் பேசுகிறாள், நிறையப் பேசுகிறாள். கலாதேவிக்குச் சந்தோஷம். வீட்டிலும் பேசுகிறாளாம். முன்பு தம்பி பிடித்தால் பேசியவள் இப்போது தானாகவே பேசுகிறாள் என்று ஊரில் சொல்கிறார்கள். துக்கம் பிள்ளைகளிடம் இப்படியும் வேலை செய்யும் என்று கல்லூரியில் படித்திருக்கிறேன்.

கார் மணி மட்டும் நிற்கவில்லை. தோட்டத்துக்குப் போகும்போதும் திரும்பும்போதும் மட்டும்தான். பள்ளிக்குப் போனால் இல்லை. பட்டறைக்காரச் சீனர் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தார். சென்சார் நன்றாகத்தான் இருக்கிறதாம், ஆள் உட்கார்ந்தால்தான் கத்துமாம். இப்போதெல்லாம் அந்தக் காலி இருக்கைக்கும் பெல்ட்டைப் போட்டுவிடுகிறேன். மாட்டினால் நின்றுவிடுகிறது.

கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதுமை

*

தெலுக் இந்தான்
4 மே 2025

மாதுமை,

கண் பரவாயில்லை. தையல் பிரித்தாயிற்று.

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை.

அக்கா

*

ஈப்போ
22 ஜூன் 2025

அன்புள்ள அக்கா,

எழுதாமல் இருந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கேள்விக்குப் பதில் எனக்கு அன்றே தெரியும். எழுதினால் அது நடந்ததாகிவிடும் என்றுதான் எழுதவில்லை.

நேற்று வகுப்பு முடிந்து நான் வண்டியை எடுத்த பிறகு மாயாண்டி அண்ணன் மோட்டார் சைக்கிளில் துரத்தி வந்து நிறுத்தினார். தினேஸ்வரியைக் குட்டைக் கரையில் பார்த்திருக்கிறார். முழங்கால் வரை தண்ணீரில் இறங்கிவிட்டாளாம். ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நடந்தாளாம். இவர் போய்த் தூக்கியபோது கூச்சல் போடவில்லை. "தம்பிய வீட்டுல விட்டுட்டு வாரேன், மாமா" என்றாளாம்.

நான் கலாதேவி வீட்டுக்குத் திரும்பிப் போனேன். பிள்ளைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். தினேஸ்வரி என்னைப் பார்த்ததும் பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள்: "அவன் டீச்சர் காருல வாரான், டீச்சர் காருல போறான். இன்னிக்குப் போக மாட்டேன்னுட்டான். அக்கா, நீயும் கூட வான்னான்."

கலாதேவி துண்டைக் கீழே போட்டாள். என்னைப் பார்த்துக் கோபமாகக்கூடப் பேசவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"டீச்சர், நீங்க படிச்சவங்க. எங்களவிட எல்லாம் தெரியும். சாவு வீட்டுல வாரேன்னு சொல்லிட்டுப் போவாங்களா? பெட்டிக்குள்ள கெடக்குற புள்ளயப் பாத்து..."

அவள் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை. ஆமாம், அக்கா. அவன் தலையைத் தொட்டதும் வாய் தானாகச் சொல்லிவிட்டது, ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் தலையைத் தொட்டுச் சொல்வதை. "போயிட்டு வாய்யா." கூடத்தில் எல்லோரும் பேச்சை நிறுத்தியது அதனால்தான். நம் வீட்டிலும் அந்த வழக்கம் உண்டு, எனக்கும் தெரியும். அம்மா செத்தபோது வந்தவர்கள் ஒருவர்கூடச் சொல்லிக்கொள்ளாமல்தான் போனார்கள். தெரிந்த நாக்குக்கும் பழகிய நாக்குக்கும் நடந்த போட்டியில் அன்று பழகிய நாக்கு ஜெயித்துவிட்டது.

"நீங்க கூப்பிட்டுத்தான் வந்தான். நீங்கதான் அனுப்பணும்," என்றாள் கலாதேவி. பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "எனக்கும் அனுப்ப மனசு இல்ல டீச்சர். சனிக்கெழம வந்தா நானும் கொட்டகப் பக்கம்தான் நிக்கிறேன். ஆனா இவளையும் குடுக்க முடியாது," என்றாள்.

என்னால் உடனே சரி என்று சொல்ல முடியவில்லை. அவன் போனால் தினேஸ்வரியின் பேச்சும் போய்விடும் என்று எனக்குப் பயம். அதைவிட இன்னொன்றும் இருக்கிறது. ஈப்போ திரும்பும்போது அந்தக் காலி இருக்கைக்கு பெல்ட் மாட்டிவிட்டு, வழியில் கண்ணில் படுகிறதையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வருகிறேன். லாரி, மாடு, சுண்ணாம்புக் குன்று. இரண்டு மாதமாக இப்படித்தான். இதை யாரிடமும் சொன்னதில்லை.

என்ன செய்யட்டும்?

மாதுமை

*

தெலுக் இந்தான்
3 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

பதிலுக்குக் காத்திருந்திருப்பாய். கண்ணில் ஒன்றும் இல்லை, நன்றாகத் தெரிகிறது. எழுத உட்கார்ந்தால் எழுத்து வரவில்லை, அவ்வளவுதான்.

நான் ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டேன் என்று நீ யோசித்திருக்கிறாயா?

அத்தானைக் கொண்டுபோகும்போது உனக்கு நினைவிருக்கும், என்னை எல்லோரும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர் காதுப் பக்கம் குனிந்தேன். கடைசி முத்தம் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. "போயிட்டு வாங்க" என்றேன். உன்னைப்போல் பழக்கத்தில் சொல்லவில்லை. தெரிந்தேதான் சொன்னேன். பக்கத்தில் நின்ற புனிதவதி மாமி மட்டும் கேட்டுவிட்டு என் வாயைப் பொத்தினாள். அதற்குள் சொல்லிவிட்டேன்.

அவர் வரவில்லை, மாதுமை.

இடப் பக்கத்தை விட்டே படுத்தேன். கதவைத் தாழ் போடாமல் வைத்தேன். அவர் கார் சாவியை மேசையிலேயே விட்டிருந்தேன். ஒரு சத்தம் இல்லை, ஒரு வாசம் இல்லை. முறையாகக் கூப்பிட்ட எனக்கு ஒன்றும் இல்லை. வாய் தவறிக் கூப்பிட்ட உனக்கு, யாரோ பெற்ற பிள்ளை பெல்ட் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்கிறான். உன் ஏப்ரல் கடிதத்தைப் படித்தபோது எனக்குப் பயம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. இதை எழுத எனக்கு இத்தனை நாள் ஆனது.

அந்த இருக்கை சூடாக இருக்கிறதா? தொட்டுப் பார்த்திருப்பாய், எனக்குத் தெரியும்.

சரி. நான் சொல்வதைக் கேள். அனுப்பிவிடு. ஒரு தாய்க்கு மிச்சம் இருக்கிற பிள்ளை அவள். பேசாவிட்டால் பேசாமல் இருக்கட்டும். ஊமையாக இருந்தாலும் சோறு போடலாம், தலை பின்னலாம். அந்தப் பயலிடம் பகலில் சொல், எல்லோர் முன்னாலும் சொல், நீ வழக்கமாகச் சொல்லும் இடத்தில் நின்று சொல். பாதியை மட்டும் சொல்.

கீழே ஒரு வரியை அடித்திருக்கிறேன். கண் சரியில்லாமல் தப்பாக எழுதிவிட்டேன். படிக்காதே.

அக்கா

*

ஈப்போ
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்கா,

நீங்கள் சுகமாக இடப் பக்கமே படுத்துத் தூங்குகிறீர்கள் என்று ஹரிஷாந் சொன்னான். நல்லது. நான் எப்படி இருக்கிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நேற்று வகுப்பு. மழை வரும்போல் இருட்டிக்கொண்டிருந்தது. கலாதேவி லீவு போட்டுவிட்டு வந்து கொட்டகைத் தூணருகே நின்றாள். பிள்ளைகளுக்கு யார் சொன்னார்களோ, அட்டைகளை யாரும் தொடவில்லை. நானே எடுத்தேன். சன்னாசியை ஓர் ஓரத்தில் நிறுத்தினேன். தினேஸ்வரி வழக்கமான இடத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"இன்னிக்கு நான் நடுவுல நிக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"அது அவன் எடம் டீச்சர்."

"தெரியும்மா. அவனையே கேளு."

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். சன்னாசிகூடச் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சரிங்கிறான். ஆனா டீச்சர் சரியா கத்தணுமாம். போன வருஷம் டீச்சர் சத்தமே பத்தலயாம்," என்றாள்.

போன வருஷம் ஒருமுறை நான் நடுவில் நின்றிருந்தேன். எனக்கே மறந்துபோன விஷயம். அன்று பவித்ரன் எழுந்து, "டீச்சருக்கு சவுண்டு பத்தல லா" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தான்.

போய் நின்றேன். இருவர் கையையும் பிடித்தேன். சன்னாசியின் கை வியர்த்திருந்தது. தினேஸ்வரியின் கை ஈரமாக இருந்தது. அது வியர்வையின் ஈரம் இல்லை, குட்டைத் தண்ணீரின் குளிர்ச்சி. நான் விடவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன், "பிகாஸ்!" வெளியே செம்பனையில் இருந்த பறவைகள் எழுந்து பறந்தன. பிடித்திருந்த கை மெல்ல மெல்லச் சூடானது.

பிறகு வாசலில் போய் நின்றேன். ஒவ்வொருவராக வந்தார்கள். "போயிட்டு வாரேன் டீச்சர்." பேர் சொல்லி, தலையைத் தொட்டு, போயிட்டு வாய்யா, போயிட்டு வாம்மா என்றேன். கடைசியில் தினேஸ்வரி மட்டும் நின்றாள். அவளுக்கு முன்னால் ஓர் ஆள் நிற்கும் இடம் விட்டு நின்றாள்.

கையை நீட்டினேன், அவன் தலை எந்த உயரமோ அந்த உயரத்துக்கு. அக்கா, நீங்கள் அடித்த வரியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டேன். குனிந்து, அத்தானுக்கான அந்த வரியைத்தான் முதலில் சொன்னேன். "அங்க துரைசிங்கம்னு ஒரு மாமாவைப் பாத்தா, தெலுக் இந்தான்ல கதவு தொறந்தே இருக்கு, இனிமே மூடிக்கலாமான்னு கேட்டாங்கன்னு சொல்லு."

அப்புறம், "பவித்ரா," என்றேன். "போ."

வாய் அதோடு நிற்கவில்லை. அடுத்த வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இத்தனை வருடமாக ஒன்றாகவே சொன்ன இரண்டு வார்த்தைகளில் ஒன்றை மட்டும் விழுங்குவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டேன். ரத்தம் வந்தது. தூணருகே கலாதேவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு திரும்பி நின்றாள். எதுவும் நடக்கவில்லை. காற்று வீசவில்லை. ஒன்றும் விழவில்லை. மழை பெய்யத் தொடங்கியது, அவ்வளவுதான்.

தினேஸ்வரியின் கை தொங்கிப்போனது. அதை அவள் உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தாள், அவளுடையதுதானா என்பதுபோல். எனக்கு அந்த நிமிடம் வகுப்பும் வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம் என்று இருந்தது. அவள் இனிப் பேசப் போவதில்லை என்றே நினைத்தேன். அவள் ஓர் அடி முன்னால் வந்தாள். அவன் நின்ற இடத்தில் நின்றாள். யார் கையையும் பிடிக்கவில்லை.

"நான் போயிட்டு வாரேன் டீச்சர்," என்றாள்.

மெல்லிய குரல்தான். பழைய குரல்.

"போயிட்டு வாம்மா, தினேஸ்வரி," என்றேன். கலாதேவி ஓடி வந்து அவளைத் தூக்கிக்கொண்டாள். தூக்குகிற வயது இல்லை அவளுக்கு. ஆனாலும் தூக்கிக்கொண்டு மழையில் போனாள்.

கார் இருக்கையைப் பற்றி நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இது. தொட்டுப் பார்த்தேன், ஒவ்வொரு முறையும். சூடாக இருந்ததே இல்லை, அக்கா. ஈரமாகத்தான் இருந்தது.

நான் எப்படி இருக்கிறேன் என்று சொல்லவில்லையே. வண்டிக்குப் போய் உட்கார்ந்தேன். கைப்பையை எப்போதும்போல் பக்கத்து இருக்கையில் வைத்தேன். அதன்மேல் அட்டைக் கட்டையும், குடையையும் வைத்தேன். பெல்ட்டை மாட்டவில்லை. வேண்டுமென்றேதான் மாட்டவில்லை. கோப்பெங் தாண்டி, சுண்ணாம்புக் குன்று தாண்டி, ஈப்போ விளக்குகள் தெரியும் வரை காதைத் தீட்டிக்கொண்டு மெதுவாக ஓட்டினேன்.

மணி அடிக்கவே இல்லை.

அன்புடன்
மாதுமை